வட்டமா, வரிசையா, விடையிலிருந்து திரும்பியா? சர்க்குலர் சீட்டிங்குக்கு எந்த வழி

"அக்கா, கிளாஸ்ல சார் வட்டம் போடச் சொல்றாரு. யூடியூப்ல ஒருத்தர் வட்டமே வேண்டாம், ஒரு கோடு போதும்ங்கிறாரு. என் பக்கத்து சீட்டுப் பொண்ணு ஆப்ஷனைத் தூக்கிப் போட்டுப் பார்த்தே முடிச்சுடுறா. நான் எதைத்தான் பிடிச்சுக்கிறது?"

மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் சித்தி மகன் கேட்டான். அவன் கேட்டது சர்க்குலர் சீட்டிங் பற்றி: வட்ட மேசையைச் சுற்றி யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறிப்பு வரிகளை வைத்துக் கண்டுபிடிக்கும் கணக்கு. அவன் வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறான். அந்தப் பதவிக்கு இப்போது கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் கிளார்க்தான். நான் அந்தத் தேர்வை மூன்றாவது முறை எழுதித் தாண்டியவள். முதல் இரண்டு முறையும் ப்ரிலிம்ஸிலேயே, அதாவது முதல்நிலைத் தேர்விலேயே, நின்றேன். இரண்டாவது முறை நின்றதற்குக் காரணமே ஒரு வட்ட மேசை. அதனால் அவன் கேட்டதற்கு டம்ளரை வைத்துவிட்டு ரஃப் நோட்டைத் திறந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் கிளார்க் ப்ரிலிம்ஸில் 100 கேள்வி, 60 நிமிடம். ரீசனிங் என்ற தர்க்கப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். அந்த 20 நிமிடம் முடிந்தால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. சராசரி போட்டால் ஒரு கேள்விக்கு 34 நொடி. வட்ட இருக்கை செட் வந்தால் பெரும்பாலும் அதில் 5 கேள்வி இருக்கும், அதற்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இனிக்குவாலிட்டி (எது பெரிது எது சிறிது), சிலாஜிசம் (கூற்றுகளிலிருந்து முடிவு எடுப்பது) மாதிரி சட்டென்று முடிவதில் மிச்சம் பிடித்தால் நான்கு நிமிடம் ஒதுக்கலாம். ஐந்தைத் தாண்டினால் அந்த செட் உங்களைத் தின்கிறது என்று அர்த்தம்.

மூன்று வழியையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்க்காமல் பேசுவது வீண். அவனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி, எல்லோரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்: அமுதா, பாண்டி, செல்வி, தாமரை, கண்ணன், மாரி, ராணி, வேலு.

தாமரை கண்ணனுக்குப் பக்கத்தில் இல்லை.
கண்ணனுக்கும் அமுதாவுக்கும் நடுவே ஒருவர் மட்டும்.
செல்வி அமுதாவுக்கு நேர் எதிரே.
பாண்டிக்கு இடப்புறம் மூன்றாவது கண்ணன்.
செல்விக்கு வலப்புறம் ஐந்தாவது மாரி.
வேலுவும் தாமரையும் நேர் எதிரெதிரே.

எந்த வழியில் போனாலும் எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் பாதி நேரம் போகிறது. தம்பி முதல் வரியிலேயே பேனாவை வைத்தான். கண்ணனை எழுதினான், தாமரையை எங்கோ தள்ளி எழுதினான், அழித்தான். முதல் வரி முதலில் வருவதாலேயே அதற்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. வினாத்தாள் போடுகிறவர் வரிகளைக் குலுக்கிப் போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு பலம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைக்க 7 ஃபேக்டோரியல் (7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1), அதாவது 5,040 வழி. 'பாண்டிக்கு இடப்புறம் மூன்றாவது கண்ணன்' என்ற ஒரு வரி அதை 720 ஆக்கிவிடுகிறது. 'நேர் எதிரே' என்பதும் 720. 'நடுவே ஒருவர் மட்டும்' என்றால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று இரண்டு வாய்ப்பு வருவதால் 1,440 மிஞ்சும். 'பக்கத்தில் இல்லை' என்ற வரி மட்டும் தனியாக நின்றால் 3,600 மிஞ்சுகிறது. ஆளே இல்லாத பந்தியில் இலை போட்ட மாதிரிதான் அது. ஆனால் அதே வரி கடைசியில் இரண்டு வாய்ப்பில் ஒன்றை வெட்டிப்போடும். ஆகவே இடம் உறுதியாகச் சொல்லும் வரி முதலில், 'நடுவே இத்தனை பேர்' அடுத்து, 'இல்லை' வரிகள் கடைசியில். இது வட்டத்துக்கும் கோட்டுக்கும் பொது.

இன்னொன்றும் பொது. ஒரு பெயர் இரண்டு மூன்று வரிகளில் வந்தால் அங்கே சங்கிலி இருக்கிறது. பாண்டியிலிருந்து கண்ணன், கண்ணனிலிருந்து அமுதா, அமுதாவிலிருந்து செல்வி, செல்வியிலிருந்து மாரி. நான்கு வரி ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. வேலு, தாமரை வரி அந்தச் சங்கிலியில் சேரவில்லை. அது காத்திருக்கட்டும்.

இனி வழிகள். முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த வட்டம். நான் வட்டமே வரைவதில்லை. ஒரு கூட்டல் குறி, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. எட்டு முனை கிடைத்துவிடும், இதைத்தான் எட்டுக்கால் என்கிறேன், நேர் எதிர் யார் என்பது கோட்டின் மறுமுனையில் தானாகத் தெரியும். அழகாக வட்டம் போட்டு எட்டுப் புள்ளி வைக்கிறவர்கள் கோலப் போட்டிக்கு வந்தவர்கள்.

வட்டத்தின் பெரிய பலம், கண்ணுக்கு முன்னால் மேசை இருக்கிறது. பெரிய பலவீனம், இடது வலது. தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு குழி இருக்கிறது. எந்த கிளாஸிலும் இதை யாரும் சொல்லக் கேட்டதில்லை. கோயிலில் பிரகாரத்தை வலம் வருகிறோம், அது கடிகாரச் சுற்று. அதனால் 'வலப்புறம்' என்று படித்ததும் கை தானாகக் கடிகாரச் சுற்றில் நகர்கிறது. ஆனால் சந்நிதியை நோக்கி நின்றுகொண்டு வலம் வரத் தொடங்கிப் பாருங்கள். முதல் எட்டு உங்கள் இடது கைப் பக்கம்தான் போகும். மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு வலது கை எதிர்ச்சுற்றில் இருக்கிறது. மையத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவருக்குத்தான் வலமும் கடிகாரச் சுற்றும் ஒன்று. நான் முதல் முறை எழுதியபோது பயிற்சி நேரமெல்லாம் இந்த ஒரு சொல்லால் தடுமாறினேன், காரணம் தெரியாமலே.

மறக்காமலிருக்க ஒரு வழி: தாளின் அடியில், உங்கள் வயிற்றுக்கு நேராக இருக்கும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்க்கிறீர்கள். உங்கள் வலது, தாளின் வலது. அங்கிருந்து மேலே ஏறும் திசைதான் எல்லோருக்கும் வலம். முதல் ஆளை எப்போதும் அடி நாற்காலியில் வைப்பதும் இதனால்தான்.

தம்பி எட்டுக்கால் போட்டான். பாண்டி அடியில். இடப்புறம் மூன்று எண்ணிக் கண்ணன். அமுதாவுக்கு இரண்டு இடம், அதனால் இரண்டாவது எட்டுக்கால். இரண்டிலும் செல்வியை எதிரே வைத்தான். மாரிக்கு வலப்புறம் ஐந்து எண்ணினான், ஒன்றில் காலி இடம், மற்றதில் பாண்டி மடியில் போய் விழுந்தது. இரண்டாவது படத்தை அடித்தான். மீதி மூவரையும் வைத்து முடித்தபோது போன் ஸ்டாப்வாட்சில் 2 நிமிடம் 50 நொடி. தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பேனா நுனியால் கால்களைத் தட்டித் தட்டி எண்ணினான். ஐந்து கேள்விக்கும் அப்படித் தட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நீட்டிப் போடுவது. 1 முதல் 8 வரை ஒரே வரிசையில் எண் எழுதுங்கள். எல்லோரும் உள்ளே பார்ப்பதால் வலம் என்றால் கூட்டு, இடம் என்றால் கழி. 8-ஐத் தாண்டினால் 8 கழி, பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் 8 கூட்டு. எதிரே என்றால் 4 கூட்டியோ கழித்தோ.

பாண்டி 1. கண்ணன் 1 − 3, அதாவது −2, எட்டைக் கூட்டினால் 6. அமுதா 4 அல்லது 8. அமுதா 4 என்றால் செல்வி 8, மாரி 8 + 5 = 13, எட்டைக் கழித்தால் 5, காலி. அமுதா 8 என்றால் செல்வி 4, மாரி 9, அதாவது 1. அங்கே பாண்டி. அந்த வாய்ப்பு போயிற்று. மிச்சம் 2, 3, 7. இதில் நான்கு இடைவெளியில் எதிரெதிரே இருப்பது 3-ம் 7-ம் மட்டும். வேலுவும் தாமரையும் அங்கே, ராணி 2. கண்ணன் 6-ல் இருப்பதால் தாமரை 7-க்குப் போக முடியாது, ஆகவே 3. வேலு 7.

படம் இல்லை, தட்டுதல் இல்லை. இரண்டாவது வாய்ப்புக்குத் தனிப் படம் கூட வேண்டாம், முதல் வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை எழுதினால் போதும். எனக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. நான் பழகியவள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் கோட்டின் அருமை தெரியும். 'தாமரைக்கு இடப்புறம் இரண்டாவது யார்?' 3 − 2 = 1, பாண்டி. 'வேலுவுக்கு வலப்புறம் நான்காவது?' 7 + 4 = 11, எட்டுப் போக 3, தாமரை. 'மாரியிலிருந்து வலப்புறமாக எண்ணினால் மாரிக்கும் செல்விக்கும் நடுவே எத்தனை பேர்?' 8 − 5 − 1 = 2. தேர்வுக் கூடத்தில் கேள்வி திரையில் இருக்கும், நாம் எழுதுவது கையில் இருக்கும் தாளில். கண் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும்போது, எண்ணி எண்ணி விட்ட இடத்தை மறப்பதைவிடக் கூட்டல் கழித்தல் பத்திரம்.

குறை இல்லாமலில்லை. 8-க்கும் 1-க்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பதைக் கோடு மறைத்துவிடும். 'செல்விக்குப் பக்கத்தில் யார்?' என்று கேட்டால் புதிதாகப் பழகுகிறவர்கள் வேலுவை மட்டும் பார்த்துவிட்டு பாண்டியை விட்டுவிடுவார்கள். நான் வரிசையின் கடைசியில் மறுபடியும் ஒரு சின்ன 1 எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வழி, தம்பியின் பக்கத்து சீட்டுப் பெண் செய்வது. ஆப்ஷனிலிருந்து பின்னால் வருவது. இதை நான் கொஞ்சம் இளக்காரமாக நினைத்திருந்தேன். அன்று மதியம் அவளும் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். 'மாரிக்கு நேர் எதிரே யார்: பாண்டி, கண்ணன், ராணி, வேலு, செல்வி?' என்று கேட்டேன். தாளில் ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. செல்விக்கு எதிரே அமுதா என்று சொல்லியாயிற்று, செல்வி போனாள். வேலுவுக்கு எதிரே தாமரை, வேலு போனான். மிச்சம் நால்வர்: பாண்டி, கண்ணன், ராணி, மாரி, இரண்டு ஜோடி. மாரிக்கு எதிரே ராணி என்றால் பாண்டிக்கு எதிரே கண்ணன் வந்தாக வேண்டும், ஆனால் அவர்களுக்குள் மூன்று இடம்தான், நான்கு இல்லை. ராணி போனாள். மாரி செல்விக்கு வலப்புறம் ஐந்தாவது என்றால் மாரிக்கு எதிரே இருப்பவர் செல்விக்கு உடனே வலப்புறம் இருப்பவர். கண்ணன் அமுதாவிடமிருந்து இரண்டாவது இடம், அமுதாவுக்கு எதிரே இருக்கும் செல்வியிடமிருந்தும் இரண்டாவது இடம், அதனால் பக்கத்தில் வர முடியாது. "பாண்டி, அக்கா," என்றாள். தம்பி வாயைப் பிளந்தான்.

எனக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அடுத்து 'தாமரைக்கு இடப்புறம் இரண்டாவது யார்?' என்று கேட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதுதான் இந்த வழியின் எல்லை. ஒரு கணக்கு, ஒரு கேள்வி என்றால் இதற்கு இணையில்லை. ஒரு கணக்கு, ஐந்து கேள்வி என்றால் ஐந்து முறை கிணறு வெட்டுகிற வேலை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் 25 திறனறிக் கேள்விகள், 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. அங்கே இருக்கைக் கணக்கு தனிக் கேள்வியாக வந்தால் இந்த வழியில் போகலாம். வங்கித் தேர்வின் செட்டுக்கு இதை நம்பிப் போகாதீர்கள் என்று அவளிடமே சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மூளை அப்படி ஓடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை.

இதுவரை கோடு ஜெயிக்கிறது. ஆனால் எல்லோரும் உள்ளே பார்க்கும் வரைதான்.

சிலர் உள்ளே, சிலர் வெளியே பார்க்கிறார்கள், யார் எந்தப் பக்கம் என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று வந்தால் ஆட்டமே வேறு. எட்டுப் பேருக்கும் இரண்டு இரண்டு திசை, 256 வகை. 5,040-ஐ அதால் பெருக்கினால் 12,90,240. கோட்டில் இதையும் போடலாம், உள்ளே பார்ப்பவருக்கு வலம் கூட்டல், வெளியே பார்ப்பவருக்கு வலம் கழித்தல் என்று குறியை மாற்றிக்கொண்டே போகலாம். கணக்கில் தப்பே இல்லை. தப்பு நம்மிடம். ஐந்தாவது வரியில் குறியை மாற்ற மறந்துவிடுவோம். என் இரண்டாவது ப்ரிலிம்ஸில் அதுதான் நடந்தது. இருக்கைகள் எல்லாம் சரி, வெளியே பார்த்த மூவருக்கு மட்டும் வலத்தைக் கூட்டிவிட்டேன். ஐந்து விடையும் தப்பு. ஐந்து மார்க் வராதது போக நெகட்டிவில் 1.25 வேறு. கட் ஆஃபுக்கு ஒரு மார்க்கில் வெளியே நின்றேன்.

அதிலிருந்து, திசை கலந்து வந்தால் நான் எட்டுக்காலுக்குத்தான் போகிறேன். பெயருக்குப் பக்கத்தில் உள்ளேயோ வெளியேயோ சின்ன அம்பு. அம்பு கண்ணில் படும் வரை குறி மறக்காது. சின்ன வயதில் குலை குலையா முந்திரிக்காய் விளையாடியவர்களுக்கு இது இன்னும் எளிது. வட்டமாக உள்ளே பார்த்து உட்கார்ந்திருப்போம், துணியோடு ஒருத்தர் பின்னால் சுற்றி வருவார். உட்கார்ந்தபடியே ஒருத்தரை மட்டும் திருப்பி வெளியே பார்க்க வைத்தால் அவருடைய கைகள் இடம் மாறிவிடும். மனதில் அவரைத் திருப்பிவிட்டு எண்ணினால் போதும்.

இந்த வகையில் தம்பி செய்த ஒரு வீண் வேலையைச் சொல்ல வேண்டும், அதை எல்லோரும் செய்கிறார்கள். வரிகள் இப்படி: 'ராணிக்கு வலப்புறம் இரண்டாவது வேலு. வேலுவுக்கு இடப்புறம் மூன்றாவது மாரி. மாரி ராணிக்குப் பக்கத்தில்.' ராணி எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று தெரியாது. உடனே இரண்டு படம். வேலுவின் திசையும் தெரியாது, ஆக நான்கு படம். ரஃப் ஷீட்டில் பாதி காலி.

பொறுமையாகப் பாருங்கள். ராணியை 1-ல் வைத்து, உள்ளே பார்ப்பதாக எடுத்துக்கொண்டால் வேலு 3. வேலுவும் உள்ளே என்றால் மாரி 3 − 3 = 0, அதாவது 8, ராணிக்குப் பக்கத்தில், பொருந்துகிறது. வேலு வெளியே என்றால் மாரி 6, பொருந்தவில்லை. இப்போது ராணி வெளியே பார்ப்பதாக எடுத்தால் வேலு 7, அங்கேயும் வேலு ராணியைப் போலவே வெளியே பார்த்தால்தான் மாரி 2-ல் வந்து பொருந்தும். ஆக இரண்டு பேரும் ஒரே திசை என்பது உறுதி, எந்தத் திசை என்பதுதான் தெரியாது. இந்த இரண்டு படமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்: படத்தைக் கண்ணாடியில் காட்டி எல்லோரையும் முன்பின்னாகத் திருப்பினால் மற்றது வந்துவிடும். 'இன்னார் உள்ளே பார்க்கிறார்' என்றோ 'கடிகாரச் சுற்றில் அடுத்தவர்' என்றோ ஒரு வரி வரும் வரை இரண்டையும் வரைய வேண்டிய தேவையே இல்லை. ஒன்றை மட்டும் வரைந்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அந்த வரி எதிராக வந்தால் ஒரே தடவை திருப்பினால் போதும். இதைப் புரிந்துகொண்ட பிறகு திசை கலந்த செட்டில் எனக்கு நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சதுர மேசை பற்றியும் கேட்டான். நான்கு மூலையில் நால்வர் வெளியே பார்த்து, நான்கு பக்கத்தின் நடுவே நால்வர் உள்ளே பார்த்து என்று வரும். அது வேஷம் போட்ட வட்டம்தான். மூலைக்கு ஒற்றைப்படை எண், நடுவுக்கு இரட்டைப்படை எண் கொடுத்துவிட்டால் எண்ணைப் பார்த்தே திசை தெரிந்துவிடும். இங்கே கோடு மறுபடி கைகொடுக்கும்.

அடுத்த கட்டத் தேர்வான மெயின்ஸில் 'சில பேர் அமர்ந்துள்ளனர்' என்று எண்ணிக்கையே சொல்லாமல் வருவது உண்டு. எட்டுக்கால் அங்கே போட முடியாது, எத்தனை கால் என்றே தெரியாது. இரண்டு முனையும் திறந்த கோடு போட்டு, சந்திக்கும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லோரும் உள்ளே பார்க்கும் மேசையில் ராணிக்கு வலப்புறம் நான்காவதும் வேலு, இடப்புறம் ஏழாவதும் வேலு என்று எங்காவது தெரிந்துவிட்டால் மொத்தம் 11 பேர். அந்த முடிச்சு கிடைத்த பிறகுதான் வட்டத்தை மூட முடியும்.

இனி எல்லோரும் தவறவிடும் இடம். நேரம் முடியப்போகிறது, கையில் இரண்டு வாய்ப்பு மிச்சம். பெரும்பாலோர் செட்டையே விட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரு வாய்ப்பைக் குருட்டாம்போக்கில் பிடித்து ஐந்தையும் அடிக்கிறார்கள். இரண்டும் நஷ்டம். மேலே போட்ட கணக்கிலேயே, கடைசியில் பயன்படுத்திய 'பக்கத்தில் இல்லை' வரியை நாம் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமரை 3, வேலு 7 ஒரு வாய்ப்பு, இடம் மாறியது இன்னொன்று. 'ராணிக்கு நேர் எதிரே யார்?' இரண்டிலும் கண்ணன். 'மாரிக்கு இடப்புறம் மூன்றாவது?' இரண்டிலும் ராணி. 'வேலுவுக்கு எதிரே?' இரண்டிலும் தாமரை. மூன்று கேள்வி சந்தேகமே இல்லாமல் உங்களுடையது. 'செல்விக்கு உடனே இடப்புறம் யார்?' என்பது மட்டும்தான் ஆடுகிறது.

அந்த ஆடும் கேள்வியையும் அடிக்கலாமா என்று கேட்டான். ஐந்து ஆப்ஷன், தப்புக்குக் கால் மார்க். ஒன்றுமே தெரியாமல் அடித்தால் ஐந்தில் ஒரு வாய்ப்பில் ஒரு மார்க், ஐந்தில் நான்கு வாய்ப்பில் கால் மார்க் இழப்பு. கூட்டிக் கழித்தால் சரியாகப் பூஜ்யம். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, நேரம்தான் போகும். இரண்டாகச் சுருங்கிவிட்டால் சராசரியில் 0.375 மார்க் லாபம். அடிக்கலாம். ஆனால் இரண்டாகச் சுருங்கியது நிஜமாகவே சுருங்கியதா, அவசரத்தில் சுருக்கியதா என்று ஒரு நொடி பார்த்துக்கொள்.

எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்பதில் என் பழக்கம் இது. செட்டைத் திறந்ததும் முழுக்கப் படிப்பதில்லை. எத்தனை பேர், எல்லோரும் ஒரே திசையா, உறுதியான வரி எத்தனை என்று பத்து நொடி. எட்டுப் பேர், உள்ளே பார்ப்பவர்கள், உறுதியான வரி மூன்று என்றால் உடனே கோடு. திசை கலந்து, உறுதியான வரி ஒன்றே ஒன்று என்றால் சிலாஜிசமெல்லாம் முடித்துவிட்டு வந்து எட்டுக்கால். திசையும் கலந்து, கூடவே ஒவ்வொருவருக்கும் ஊர், நிறம், தொழில் என்று இன்னொரு அடுக்கும் ஒட்டியிருந்தால் ப்ரிலிம்ஸில் அதைக் கடைசியில்தான் தொடுவேன், பல நேரம் தொடாமலே விடுவேன். மெயின்ஸில் அப்படி விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது, அங்கே அதற்கென்று பழக வேண்டும்.

தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 'பாண்டிக்கு இடப்புறம் மூன்றாவது கண்ணன்' என்பதைப் படிக்கும்போது 'க்கு' எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அந்த நாற்காலியில் நின்றுதான் எண்ண வேண்டும். பெயர் முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று பார்க்காதீர்கள், 'கண்ணன் பாண்டிக்கு இடப்புறம் மூன்றாவதாக' என்று புரட்டியும் போடுவார்கள். வேற்றுமை உருபு பொய் சொல்லாது. ஆங்கிலத்தில் அது பெயரோடு ஒட்டி வராது, 'of' என்ற தனிச் சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் கணக்கில் இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வினாத்தாள்தான் லாபம்.

டீக்கடையில் பெஞ்சு வெயிலுக்கு வந்துவிட்டது. தம்பி கடைசியாக ஒரு செட் போட்டான், எல்லோரும் வெளியே பார்ப்பது. கோடுதான் எடுத்தான், வலத்துக்குக் கூட்டல் போட்டுத் தொடங்கினான். நான் வாயைத் திறக்கப் போனேன். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்: "எல்லாரும் வெளியன்னா எண்ணைத் திருப்பி எழுதிட்டா போதும், வலம் கூட்டல்தான். நீ கடிகாரச் சுத்துல எழுதியிருக்கியா, எதிர்ச்சுத்துலயா?" அவன் தாளைப் பார்த்தான். எழுதவே இல்லை, வெறும் 1 முதல் 8 வரைதான் இருந்தது. "அப்ப சரிதான்," என்றாள். அவனுக்கு ஏன் சரி என்று புரிய டீக்கு காசு கொடுத்து ரோட்டைக் கடக்கும் வரை ஆனது.